எல்லையில் நின்றுவிட்ட பேராளர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய அமைப்பின் மேடையில் காப்பியச் சுவையோ கவிதை நயமோ பேசப்படுவதே மரபு. இவ்வுரையின் பொருளோ பணம் பற்றியது. அதுவும் மாநாட்டுக்கு வர இயலாமற்போன ஒருவர் முன்னரே செலுத்திவிட்ட பதிவுக் கட்டணம் பற்றியது. பொருள் சிறிதெனத் தோன்றலாம். ஆயின், வந்த விருந்தினரை ஓர் அவை எவ்வாறு போற்றியது என்பதை அதன் பந்தி காட்டும். வரவியலாத விருந்தினரை எவ்வாறு நடத்தியது என்பதை அதன் கணக்கேடுதான் காட்டும். கருத்தரங்குகள் நடத்துவதைத் தன் தலையாய பணியாகக் கொண்ட இவ்வட்டத்தில் அக்கணக்கேட்டைப் பற்றிப் பேசுவது பொருத்தமேயாகும்.

அறிவிக்கையின் கடைசிப் பத்தி

பன்னாட்டு மாநாடு எதன் அறிவிக்கையை எடுத்தாலும் முதற்பக்கத்தில் மையப்பொருள் இருக்கும். அடுத்துச் சிறப்புரையாளர் பட்டியல். பின்னர்க் கட்டுரைச் சுருக்கம் அனுப்பவேண்டிய நாள். அதன்பின் கட்டண விவரம். எல்லாவற்றுக்கும் கீழே, சிறிய எழுத்தில், ஒரு பத்தி இருக்கும். குறிப்பிட்ட நாளுக்குள் விலகுவோருக்கு நிருவாகச் செலவு கழித்து எஞ்சிய தொகை தரப்படும் என்றும், அந்நாளுக்குப் பின் விலகுவோருக்கு எத்தொகையும் தரப்படமாட்டாது என்றும் அப்பத்தி கூறும். கட்டுரையாளர் செலுத்தும் கட்டணம் எந்நிலையிலும் திருப்பித் தரப்படாது என்று சில அறிவிக்கைகள் ஒரு வரி கூடுதலாகவும் எழுதும்.

இப்பத்தியின் இலக்கணத்தைச் சற்றே ஊன்றி நோக்கவேண்டும். அதில் வரும் வினைச்சொல் ‘விலகுதல்’. இது தன்வினை. தன் விருப்பத்தால் ஒருவர் செய்யும் செயலை அது குறிக்கும். மகள் திருமணம் வந்துவிட்டது, வேறொரு மாநாடு கவர்ச்சியாகத் தோன்றிற்று, கட்டுரை எழுதி முடியவில்லை என்பன போன்ற காரணங்களால் வராமற்போகிறவர் விலகியவரே. ஆனால் விசா மறுக்கப்பட்டவர் விலகியவரல்லர், விலக்கப்பட்டவர். வானூர்திப் போக்குவரவு நிறுத்தப்பட்டதால் நின்றுவிட்டவரும் அவ்வாறே. மொழியில் தன்வினைக்கும் செயப்பாட்டு வினைக்கும் இடையே தெளிவான கோடு இருக்கிறது. மாநாட்டு அறிவிக்கையில் அக்கோடு இல்லை. விலகியவர், விலக்கப்பட்டவர் என்னும் இருவரையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுவதே இச்சிக்கலின் வேர்.

இந்த வேறுபாடு புதுவதன்று. இந்திய இரயில்வேயின் பயணச்சீட்டு விதியிலேயே அது இருக்கிறது. பயணி தாமே சீட்டை நீக்கினால் நேரத்தைப் பொறுத்துப் பிடித்தம் கூடிக்கொண்டே போகும். வண்டியை இரயில்வேயே நிறுத்திவிட்டால் முழுத்தொகையும் திரும்ப வரும். வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, பயணி பயணம் செய்யாதிருந்தால் அப்போதும் முழுக் கட்டணத்தையும் கேட்டுப் பெறலாம். இணையவழி எடுத்த காத்திருப்போர் பட்டியற் சீட்டு கடைசிவரை உறுதியாகாவிடில் சிறு எழுத்தர் கட்டணம் போக மீதித் தொகை தானாகவே வந்துசேரும். 2015ஆம் ஆண்டின் பயணச்சீட்டு நீக்க விதிகள் இவற்றை வகுத்துரைக்கின்றன. விலகியவர் ஒருவகை, வண்டியே நின்றுபோனது ஒருவகை, தாமதம் ஒருவகை, முடிவு தெரியாமற் காத்திருந்தவர் ஒருவகை என நான்கு நிலைகள் அங்கே பிரிக்கப்பட்டுள்ளன. அறிஞர் கூடி நடத்தும் மாநாட்டின் விதி அந்த அளவுக்கேனும் நுண்மை பெற்றிருக்க வேண்டாமா என்பதே கேள்வி.

அச்சாரமும் கட்டணமும்

தமிழ் வழக்கில் அச்சாரம் என்றொரு சொல் உண்டு. நிலமோ மாடோ வீடோ பேசி முடித்தவுடன் வாக்கு மாறாமைக்கு அடையாளமாகக் கைம்மாறும் சிறுதொகை அது. வாங்க வந்தவர் மனம் மாறினால் அச்சாரம் போயிற்று என்பது ஊர்வழக்கு. அவ்வழக்கில் நியாயமும் இருக்கிறது. அவருக்காக விற்பவர் வேறு ஆளைத் தேடாமல் இருந்தாரல்லவா? ஆனால் பேசிய மாடு கைமாறும் முன்னரே இறந்துபோனால் அச்சாரத்தை வைத்துக்கொள்வதை எந்த ஊரும் முறையென்று ஒப்பாது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது திருமணங்கள் வீட்டு முற்றத்தில் சுருங்க நேர்ந்தது. கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் என்னவாகும் என்ற கேள்வி எத்தனையோ குடும்பங்களில் எழுந்தது. மண்டபத்தார் மறுக்கவில்லை, மணவீட்டார் விலகவில்லை. இருவருக்கும் புறத்தே நின்ற ஓர் ஆணை இருவரையும் தடுத்தது. அந்த இழப்பை யார் தாங்குவது?

இக்கேள்விக்கு ஆங்கில நாட்டு நீதிமன்றங்கள் நூறாண்டுக்கு முன்னரே விடைதேட நேர்ந்தது. 1902 ஜூன் 26ஆம் நாள் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழா நடைபெறவேண்டியிருந்தது. ஊர்வலம் செல்லும் வீதிகளில் இருந்த வீடுகளின் மேல்தள அறைகள் வேடிக்கை பார்ப்போருக்கு வாடகைக்கு விடப்பட்டன. விழாவுக்கு இரண்டு நாள் முன்னர் மன்னருக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டு விழா தள்ளிவைக்கப்பட்டது. ஹென்றி என்பவர் பால்மால் வீதியில் இரண்டு பகற்பொழுதுக்கு 75 பவுன் பேசி, 25 பவுன் முன்பணமும் கொடுத்திருந்தார். எஞ்சிய 50 பவுனைக் கேட்டு உரிமையாளர் கிரெல் வழக்குத் தொடுத்தார். அறை இருந்தது, சன்னலும் இருந்தது; ஆயினும் ஊர்வலம் இல்லாதபோது அந்த ஒப்பந்தத்தின் உயிர் போய்விட்டதென்று மேல்முறையீட்டு மன்றம் 1903இல் கூறி, ஹென்றி எஞ்சிய தொகையைத் தரவேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது.

அதே விழாவையொட்டிக் கடற்படை அணிவகுப்பு ஒன்றும் நடக்கவிருந்தது. அதனைக் காட்டிக் கப்பல்களைச் சுற்றிவரப் பயணிகளை அழைத்துச்செல்ல ஹட்டன் என்பவர் 250 பவுனுக்கு ஒரு நீராவிப் படகைப் பேசியிருந்தார். மன்னர் பார்வையிடும் அணிவகுப்பு நின்றது. கப்பல்கள் மட்டும் அங்கேயே நங்கூரமிட்டு நின்றன. கப்பல்களைச் சுற்றிப்பார்க்க இன்னும் இயலுமாதலால் ஒப்பந்தம் முறியவில்லை என்று அதே ஆண்டில் அதே மன்றம் கூறிவிட்டது. ஹட்டன் பணம் தரவேண்டியவரானார்.

இவ்விரு தீர்ப்புகளும் மாநாட்டுப் பேராளரின் நிலையை விளக்கும் இரண்டு விளக்குகள். மாநாடே நடைபெறாவிடில் பேராளர் கிரெல் வழக்கின் ஹென்றியைப் போன்றவர். சட்டம் அவர் பக்கம் சாயும். மாநாடு நடக்கிறது, அவரால் மட்டும் போகமுடியவில்லை என்றால் அவர் படகு பேசிய ஹட்டனின் நிலைக்குத் தள்ளப்படுகிறார். மண்டபம் இருக்கிறது, மேடை இருக்கிறது, பிறர் வந்திருக்கிறார்கள். ‘கப்பல்கள் அங்கேயே நிற்கின்றன’ என்று அமைப்பாளர் சொல்லிவிடலாம்.

இந்தியச் சட்டம் இவ்வகையில் இன்னும் பழமையும் தெளிவும் உடையது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, நிறைவேற்ற இயலாததாகிவிட்ட ஒப்பந்தம் செல்லாததாகும் என்கிறது. 65ஆம் பிரிவு, அவ்வாறு செல்லாததான ஒப்பந்தத்தால் பெற்ற பயனைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது. அப்பிரிவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கச்சேரியில் பாட ஆயிரம் ரூபாய் முன்கூட்டியே பெற்ற பாடகர் நோயுற்றுப் பாட இயலாமற் போகிறார். கச்சேரி நடந்திருந்தால் ஏற்பாட்டாளர் ஈட்டியிருக்கக்கூடிய இலாபத்துக்குப் பாடகர் பொறுப்பல்லர். ஆனால் வாங்கிய ஆயிரத்தைத் திருப்பித் தரவேண்டும். 1954இல் சத்தியப்பிரத கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ‘இயலாமை’ என்பதை உடலால் முற்றிலும் முடியாமை என்று மட்டும் குறுக்கிப் பொருள்கொள்ளக் கூடாது என்றும், ஒப்பந்தத்தின் நோக்கமே பயனற்றுப் போவதும் அதனுள் அடங்கும் என்றும் விளக்கிற்று. ஆயினும் ஒரு தனியாளுக்கு விசா மறுக்கப்பட்டமை அவ்வெல்லைக்குள் எளிதில் வந்துவிடாது. அவரை ஆள்வது பெரும்பாலும் அறிவிக்கையின் கடைசிப் பத்திதான். எனவேதான் சட்டம் விட்ட இடத்தை அறம் நிரப்பவேண்டியிருக்கிறது. அந்த அறமும் பணம் பெறுவதற்கு முன்னரே எழுத்தில் இருக்கவேண்டும்.

நாட்காட்டி செய்யும் கொடுமை

விசா மறுக்கப்படும் பேராளருக்கு உண்மையில் நேர்வது என்ன? ஐரோப்பாவில் ஜூலை மாதம் ஒரு மாநாடு நடக்கிறதெனக் கொள்வோர், அதன் நாட்காட்டியை வரிசைப்படுத்திப் பார்த்தால் விளங்கும். கட்டுரை ஏற்கப்பட்ட செய்தி பிப்ரவரியில் வருகிறது. குறைந்த கட்டணத்தில் பதிவுசெய்ய மார்ச்சு இறுதி கடைசி நாள். விசாவுக்கு அழைப்பு மடல் வேண்டும். கட்டணம் செலுத்திய பின்னரே அம்மடல் அனுப்பப்படும் என்பது பல மாநாடுகளின் விதி. எனவே முதலில் பணம், பின்னர் மடல், அதன்பின் விண்ணப்பம். செங்கன் நாடுகளின் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னதாக விண்ணப்பிக்க இயலாது. விண்ணப்பத்தின் மீது பொதுவாக 15 நாளில் முடிவு எடுக்கப்படும். தேவைப்பட்டால் 45 நாள்வரை நீளலாம். இதற்கு முன் நேர்முகத்துக்கு இடம் கிடைக்கவேண்டும். கோடைக்காலத்தில் அதுவே அரிது. இத்தனையும் கடந்து ஜூன் நடுவில் ‘இல்லை’ என்ற விடை வருகிறது. கட்டணத்தைத் திரும்பப் பெறும் கடைசி நாளோ மே இறுதியோடு முடிந்துவிட்டது.

இங்கே யார் பிழை செய்தார்? பேராளர் உரிய நாளில் பணம் செலுத்தினார். உரிய நாளில் விண்ணப்பித்தார். அமைப்பாளரும் அறிவித்த விதியையே பின்பற்றினார். தனித்தனியே ஒருவரும் பிழை செய்யாமலே ஒருவருக்கு மட்டும் முழு இழப்பும் நேர்ந்துவிட்டது. இரண்டு நாட்காட்டிகள் ஒன்றோடொன்று பொருந்தாமையே காரணம். அந்நாட்காட்டிகளில் ஒன்றை மாற்றும் ஆற்றல் அமைப்பாளர் ஒருவருக்கே உண்டு. தூதரகத்தின் நாளை அவர் மாற்றவியலாது, பேராளரும் மாற்றவியலாது. தம் கடைசிப் பத்தியின் நாளை அமைப்பாளர் மாற்றலாம்.

இழப்பு மாநாட்டுக் கட்டணத்தோடு நிற்பதுமில்லை. செங்கன் விசாவுக்கான கட்டணம் 2024 ஜூனில் பெரியவர்களுக்கு 80 யூரோவிலிருந்து 90 யூரோவாக உயர்ந்தது. விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்ப வராது. நேர்முகத்துக்காகச் சென்னைக்கோ வேறு நகருக்கோ சென்றுவந்த செலவு தனி. வட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள கல்லூரியில் தொகுப்பூதியம் பெறும் விரிவுரையாளருக்கும், உதவித்தொகையில் காலம் தள்ளும் ஆய்வு மாணவிக்கும் இத்தொகைகள் சிறியவையல்ல. விசா தேவையின்றியே எல்லை கடக்கக்கூடிய நாட்டுப் பேராளருக்கு இந்த இழப்பு நேரவே நேராது. ஆகவே எல்லோருக்கும் ஒன்றே போல எழுதப்பட்ட விதி, நடைமுறையில் ஏழை நாட்டுக் கடவுச்சீட்டு உடையவர் மீது மட்டும் சுமத்தப்படும் தண்டமாக முடிகிறது. 

மற்றொன்றும் உண்டு. மறுப்பு வந்தால் காட்டுவதற்கு ஒரு தாளேனும் இருக்கும். பலருக்கு மறுப்பும் வருவதில்லை, இசைவும் வருவதில்லை. விண்ணப்பம் ஆய்விலிருக்கிறது என்ற ஒரே விடையோடு மாநாட்டு நாள் கடந்துபோகிறது. மறுப்பு மடலை இணைத்தால் மட்டுமே பணம் தரப்படும் என்று எழுதும் விதி, காத்திருந்தே ஏமாந்தவரைக் கைவிட்டுவிடுகிறது. வண்டி வரவே இல்லை என்பவருக்கும் வண்டி தாமதம் என்பவருக்கும் இழப்பு ஒன்றுதானே!

ஒரே இரவில் எழும் தடைகள்

தனியாளுக்கு நேரும் தடை ஒருவகை. ஒரு நாட்டார் அனைவருக்கும் ஒரே நாளில் நேரும் தடை மற்றொரு வகை. 2017 ஜனவரி 27ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை ஈரான், ஈராக்கு, லிபியா, சோமாலியா, சூடான், சிரியா, ஏமன் ஆகிய ஏழு நாட்டினர் உள்ளே வருவதை 90 நாளுக்குத் தடுத்தது. ஆணை பிறந்தபோதே வானில் பறந்துகொண்டிருந்தவர்கள் இருந்தனர். அவ்வாணை வழக்குகளால் தடைப்பட்டு, திருத்தப்பட்டு, அதன் மூன்றாம் வடிவத்தை 2018 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்று, பின்னர் 2021 ஜனவரி 20ஆம் நாள் அது நீக்கப்பட்டது. 2025 ஜூனில் பன்னிரண்டு நாட்டினரைத் தடுக்கும் புதிய ஆணை பிறந்தது. கட்டுரை ஏற்கப்பட்டபோது திறந்திருந்த கதவு, மாநாட்டு நாளில் மூடியிருக்கலாம் என்பதே இவற்றால் பெறப்படும் பாடம்.

2020இல் எல்லாக் கதவுகளும் மூடின. மார்ச்சு 11ஆம் நாள் உலக நலவாழ்வு நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச்சு 13 முதல் இந்தியா பெரும்பாலான விசாக்களை நிறுத்திவைத்தது; 25ஆம் நாள் நாடே அடைக்கப்பட்டது. அமெரிக்க இயற்பியற் கழகத்தின் மார்ச்சுக் கூட்டம் டென்வர் நகரில் 2ஆம் நாள் தொடங்கவிருந்தது. பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் எதிர்பார்க்கப்பட்டனர். பிப்ரவரி 29ஆம் நாள் மாலை அது நிறுத்தப்பட்டது. சிலர் முன்னரே டென்வர் சேர்ந்துவிட்டிருந்தனர். பதிவுக் கட்டணத்தை முழுதும் திருப்பித் தருவதாகக் கழகம் அறிவித்தது. பெரிய அமைப்பாதலால் அதற்கு அது இயன்றது.

வேறு சில அமைப்புகள் பணத்துக்கு மாறாக ‘அடுத்த ஆண்டு வருக’ என்றன. வானூர்தி நிறுவனங்களும் பணத்தைக் கணக்கில் வரவுவைத்துப் பின்னாளில் பயணம் செய்யச் சொன்னதை மறக்கவியலாது. 2020 அக்டோபர் முதல்நாள் இந்திய உச்ச நீதிமன்றம் இதனை வரையறுத்தது. ஊரடங்குக் காலத்தில் அதே காலப் பயணத்துக்காகப் பெற்ற தொகையை உடனே திருப்பித் தரவேண்டும். பணநெருக்கடியால் வரவுக்கணக்கு வைக்கும் இடத்திலும் அது 2021 மார்ச்சு 31 வரை செல்லுபடியாகவேண்டும். மாதந்தோறும் அதன் மதிப்பும் கூடவேண்டும். அதற்குள் பயன்படுத்தாத தொகை பணமாகவே திரும்பவேண்டும். பிறர் பணத்தைத் தன்னிடம் வைத்திருப்பவர் அதற்கு விலை தரவேண்டும் என்ற கருத்து இத்தீர்ப்பில் பொதிந்துள்ளது. மாநாட்டுக்கும் அது பொருந்தும். இவ்வாண்டு முனைவர் பட்டத்தை முடிக்கும் மாணவிக்கு அடுத்த ஆண்டுப் பதிவு எதற்குப் பயன்படும்? அப்போது அவர் எந்த ஊரில் எந்தப் பணியில் இருப்பாரோ!

அமைப்பாளர் தரப்பு

இதுவரை பேராளர் பக்கமே பேசப்பட்டது. அமைப்பாளரின் இடர்ப்பாட்டையும் நடுநின்று காணவேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, விடுதியில் இத்தனை அறைகள் என்று உறுதி கூறியாயிற்று, சமையற்காரருக்கு இலைக்கணக்கு சொல்லியாயிற்று, மலர் அச்சேறிவிட்டது. இவ்வட்டம் போன்ற சிறு அமைப்புகளுக்கு நன்கொடையும் பேராளர் கட்டணமுமே முதல். முழுத்தொகையையும் எல்லோருக்கும் எந்நிலையிலும் திருப்பித் தருவோம் என்று எழுதினால், ஒரு புயல் வீசிய ஆண்டில் அமைப்பே கடனில் மூழ்கிவிடும். அமைப்பு மறைந்தால் அடுத்த கருத்தரங்கும் இல்லை.

இங்கும் ஆங்கிலச் சட்டவரலாறு வழிகாட்டுகிறது. முடிசூட்டு விழா வழக்குகளில் மற்றொன்றில், அதாவது 1904இல் தீர்ப்பான சாண்ட்லர் வழக்கில், கொடுத்த பணம் கொடுத்ததுதான். இழப்பு எவர்மீது விழுந்ததோ அங்கேயே கிடக்கட்டும் என்று மன்றம் விட்டுவிட்டது. போலந்து நாட்டு நிறுவனம் ஒன்று இயந்திரங்களுக்காகக் கொடுத்த ஆயிரம் பவுன், 1939இல் போர் மூண்டதால் முடங்கிற்று. அவ்வழக்கில் 1942இல் பிரபுக்கள் அவை பழைய நெறியைக் கைவிட்டு, பணத்தைத் திருப்பித் தரச் செய்தது. அப்போது எதிர்த்தரப்புக்கும் ஒரு குறை நேர்ந்தது. இயந்திரம் செய்ய அது செலவிட்ட தொகைக்கு ஈடில்லாது போயிற்று. அக்குறையை நீக்க 1943இல் இயற்றப்பட்ட சட்டம், பணம் திரும்பவேண்டும் என்பதைப் பொதுவிதியாக்கி, உண்மையில் செலவிட்ட தொகையை நியாயமான அளவுக்கு வைத்துக்கொள்ள மன்றம் இசைவளிக்கலாம் என்றது. நாற்பதாண்டுத் தடுமாற்றத்துக்குப் பின் கண்ட நடுவுநிலை இது. செலவழிந்தது கழியலாம்; செலவழியாதது திரும்பவேண்டும்.

இந்த அளவுகோலை மாநாட்டுக் கட்டணத்தின் மீது வைத்துப் பார்த்தால் அது பல கூறுகளாகப் பிரியும். வராதவர் உண்ணாத உணவு, தங்காத அறை, பெறாத பை ஆகியவற்றில் பெரும்பகுதி உரிய நேரத்தில் தெரிவித்தால் மிச்சமாகும். மண்டப வாடகை ஒருவர் வராததால் குறையாது. மலரோ அவருக்கு அஞ்சலில் அனுப்பத்தக்கது. எனவே ‘எதுவும் தரப்படாது’ என்பதும் ‘எல்லாம் தரப்படும்’ என்பதும் கணக்குப் பாராமற் கூறும் விடைகளே.

இடத்தைத் தெரிவுசெய்தல்

எந்த நாட்டில் மாநாடு கூடுவது என்று முடிவுசெய்பவர்களும் இழப்பில் பங்கேற்கவேண்டியவர்கள். எச்.ஐ.வி. தொற்று உள்ளோர் நுழைவதை அமெரிக்கா 1987 முதல் தடுத்துவந்தது. 1990இல் சான்பிரான்சிசுகோவில் கூடிய பன்னாட்டு எய்ட்சு மாநாட்டைப் பல அமைப்புகள் புறக்கணித்தன. 1992இல் பாஸ்டனில் நடக்கவேண்டிய மாநாடு ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றப்பட்டது. 2010இல் தடை நீங்கிய பின்னரே, 2012இல், அம்மாநாடு அமெரிக்க மண்ணுக்குத் திரும்பிற்று. எவருடைய நோயைப் பற்றிப் பேசக் கூடுகிறார்களோ அவரையே வாயிலில் நிறுத்தும் நாட்டில் கூடுவதில்லை என்ற அந்த முடிவு, பணத்தைத் திருப்பித் தருவதினும் உயர்ந்தது. 2022இல் உருசியா உக்ரைன் மீது படையெடுத்த மூன்றாம் நாளே, அவ்வாண்டு புனித பீட்டர்சுபர்க்கில் கூடவிருந்த உலகக் கணித மாநாட்டை இணையவழி நிகழ்வாக மாற்றுவதாகப் பன்னாட்டுக் கணித ஒன்றியம் அறிவித்தது. அதில் கலந்துகொள்ளக் கட்டணமும் இல்லை என்றது.

தமிழாய்வு உலகத்துக்கும் இவ்வடு உண்டு. தனிநாயக அடிகளார் முதலியோர் முயற்சியால் 1964இல் தில்லியில் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி மன்றம், எல்லை கடந்த அறிஞர்களைத் தமிழின் பொருட்டு ஒன்றுகூட்டவே பிறந்தது. அம்மன்றத்தின் நான்காம் மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் கூடியபோது தமிழ்நாட்டு அறிஞர் சிலருக்கு இலங்கை அரசு விசா மறுத்தது. எட்டாம் மாநாடு 1995 ஜனவரியில் தஞ்சாவூரில் கூடியபோது, பேராசிரியர் கா. சிவத்தம்பி உள்ளிட்ட ஈழத் தமிழறிஞர் சிலர் மாநாட்டில் பங்கேற்கவிடாமல் திருப்பி அனுப்பப்பட்டனர். ஒருமுறை இக்கரையார் அங்கே நுழைய இயலவில்லை. மறுமுறை அக்கரையார் இங்கே நிற்க இயலவில்லை. அந்த இழப்புக்குப் பணத்தால் ஈடு இல்லை. வாசிக்கப்படாத கட்டுரையும் நடைபெறாத விவாதமும் எந்தக் கணக்கேட்டிலும் திரும்ப வருவதில்லை. ஆயினும், தடுக்கப்பட்டவரை ‘வராதவர்’ என்று பட்டியலில் எழுதும் பிழையையேனும் தவிர்க்கலாம்.

பட்டியலில் எழுதும் சொல்லுக்கு விளைவும் உண்டு. வந்து வாசிக்கப்படாத கட்டுரை தொகுதியில் இடம்பெறாது என்பது பல துறைகளில் நிலவும் விதி. கட்டணத்தையும் இழந்து கட்டுரையையும் இழக்கும் இளம் ஆய்வாளருக்கு அது பணிவாய்ப்பையும் இழப்பதாகும்.

இவ்வட்டம் செய்யத்தக்கன

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்தின் கருத்தரங்குகளுக்கு இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பேராளர் வரக்கூடும். வெளிநாட்டார் மட்டுமல்லர், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை வெள்ளம் சூழ்ந்தபோது திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட தொடர்வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டதை எண்ணினால், அடுத்த மாவட்டத்துப் பேராளரும் ஒரு நாள் எல்லையில் நிற்க நேரும் என்பது புலனாகும். அடுத்த அழைப்பிதழின் கடைசிப் பத்தியில் எழுதத்தக்கவை ஐந்து.

முதலாவது, விலகியவர், விலக்கப்பட்டவர், நிகழ்ச்சியே நடைபெறாமை என மூன்று நிலைகளைப் பிரித்து எழுதுதல். அரசாணை, விசா மறுப்பு, பேரிடர், போக்குவரவு நிறுத்தம் ஆகியவை இரண்டாம் நிலையைச் சாரும்.

இரண்டாவது, கட்டுரை ஏற்கப்பட்ட உடனேயே கட்டணத்துக்குக் காத்திராமல் அழைப்பு மடலை அனுப்புதல். போலி விண்ணப்பங்களுக்கு அஞ்சினால் சிறுதொகையை முன்பணமாகப் பெற்று, மீதியை விசா கிடைத்த பின் பெற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது, விலக்கப்பட்டவருக்கான கடைசி நாளைத் தூதரகத்தின் முடிவோடு இணைத்தல். நிகழ்ச்சி நாள்வரை முடிவு வராமையையும் மறுப்பாகவே கொள்ளுதல். சான்றாக விண்ணப்பித்த சீட்டே போதும். மறுப்பு மடலில் உள்ள அந்தரங்கக் காரணங்களை எவரும் அவைமுன் காட்டவேண்டியதில்லை.

நான்காவது, கழிக்கப்படும் தொகை எவ்வளவு, எதற்காக என்பதை எண்ணால் எழுதுதல். ‘நிருவாகச் செலவு’ என்னும் பொதுச்சொல் எதையும் விழுங்கும். எஞ்சியது எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் எழுதுதல்.

ஐந்தாவது, கட்டுரையைக் காத்தல். பேராளர் விரும்பினால் இணையவழி வாசிக்கலாம். அல்லது நண்பர் ஒருவர் அவைமுன் வாசிக்கலாம். எவ்வாறாயினும் மலரில் இடம்பெறும். ஆனால் இணையவழி வாய்ப்பைக் கொடுத்துவிட்டுப் பணத்தை மறுத்தல் ஆகாது. இரண்டில் எது வேண்டும் என்பதைப் பேராளரே தெரிவுசெய்யவேண்டும்.

இவற்றுக்கு வேண்டிய பொருள் எங்கிருந்து வரும் என்ற வினா எழும். ஒவ்வொரு பேராளர் கட்டணத்திலும் சிறுபகுதியை ஒதுக்கி ஒரு நிதியாகச் சேர்க்கலாம். வரமுடிந்தவர் வரமுடியாதவரின் சுமையில் ஒரு பங்கை ஏற்பதே அந்நிதியின் பொருள். உலைவைக்கும் அரிசியில் நாள்தோறும் ஒரு பிடி எடுத்துவைக்கும் பிடியரிசி வழக்கத்தை அறிந்த மக்களுக்கு இது புதிய கருத்தன்று.

விருந்தோம்பலைத் தனியோர் அதிகாரமாக வள்ளுவர் வகுத்தார். வந்தவரைப் பேணுவது அதன் ஒரு கூறு. வரப் புறப்பட்டும் வழியில் தடுக்கப்பட்டவரை விருந்தினராகவே எண்ணுவது அதன் நீட்சி. தூதரகத்தின் கதவு இவ்வட்டத்தின் கையில் இல்லை, வானிலையும் இல்லை. அழைப்பிதழின் கடைசிப் பத்தி மட்டும் இதன் கையில் இருக்கிறது. அடுத்த அழைப்பிதழ் அச்சுக்குச் செல்லுமுன் செயற்குழு அப்பத்தியை ஒருமுறை எடுத்துப் படித்து, ‘விலகுவோர்’ என்ற ஒற்றைச் சொல்லின் பக்கத்தில் ‘விலக்கப்படுவோர்’ என்ற சொல்லையும் சேர்க்குமானால், பத்தாண்டுப் பணிக்கு அது தக்கதொரு தொடர்ச்சியாக அமையும்.